கனடாவில் முதல் வீடா? வரிச் சலுகையைக் கேட்டு வாங்கும் முறை

கனடாவில் முதல் வீடு வாங்குபவருக்கு மத்திய வருமான வரியில் ஒரு சலுகை உண்டு. கணக்கிடும் தொகை 10,000 டொலர். 2022 முதல் 2024 வரை அதில் 15 வீதம், அதாவது 1,500 டொலர் வரி குறைந்தது. 2025இல் கீழ்மட்ட வரி வீதம் 14.5 ஆனதால் அது 1,450. ஆனால் நாம் கேட்காமல் வராது.

படி 1: தகுதியைப் பாருங்கள்

வீடு வாங்கிய ஆண்டிலும் அதற்கு முந்தைய 4 ஆண்டுகளிலும், உங்களுக்கோ துணைவருக்கோ சொந்தமான வேறு வீட்டில் நீங்கள் குடியிருந்திருக்கக் கூடாது. ஆகவே எப்போதோ வீடு வைத்திருந்து, விற்றுவிட்டு, பல வருடம் வாடகைக்கு இருந்தவரும் கேட்கலாம். வாங்கிய வீட்டில் ஓராண்டுக்குள் குடிபோகும் எண்ணம் இருக்க வேண்டும். வாடகைக்கு விடவென்றே வாங்கிய கொண்டோவை (அடுக்குமாடி வீட்டை) மறந்துவிடுங்கள்.

படி 2: எந்த ஆண்டு?

கட்டி முடியாத கொண்டோவை வாங்கியவர்கள் குழம்பும் இடம் இது. வீட்டுத் திறப்பு (சாவி) கைக்கு வந்துவிடும், பாலும் காய்ச்சிவிடுவோம், கட்டுமான நிறுவனத்துக்கு மாதாமாதம் காசும் போகும். ஆனால் காணிப் பதிவில் பெயர் ஏற மேலும் சில மாதங்கள் ஆகலாம். பெயர் ஏறிய ஆண்டின் வரிக் கணக்கில்தான் கேட்க வேண்டும்.

படி 3: வரிக் கணக்குப் படிவத்தின் 31270ஆம் வரிசையில் 10,000 என்று எழுதுங்கள்

குறையும் வரித் தொகையை எழுதக் கூடாது. பெருக்கலை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கணவன் மனைவி பிரித்தும் கேட்கலாம், இருவருக்கும் சேர்த்து 10,000ஐத் தாண்டாமல். யார் கேட்பது என்பதில் கொஞ்சம் யோசியுங்கள். இது வரியைக் குறைக்குமே தவிர, மிச்சத்தைக் காசோலையாகத் தராது. அடுத்த ஆண்டுக்கும் தள்ள முடியாது. மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறார், மற்றக் கழிவுகள் போக அவருக்கு வரி 300 டொலர்தான் என்றால், 2025 கணக்கில் அவர் முழுவதையும் கேட்டால் 1,150 டொலர் வீண். கணவர் கேட்பதுதான் புத்தி.

படி 4: பத்திரங்களை வைத்திருங்கள்

விற்பனை ஒப்பந்தமும் சட்டத்தரணி தந்த கணக்கும் போதும். அனுப்ப வேண்டாம், கேட்டால் காட்ட வேண்டும். முன்பு கேட்க மறந்தவர்கள், 10 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் பழைய கணக்கைத் திருத்தலாம்.

ஒன்ராறியோவில் இன்னொன்று

வீடு வாங்கும்போது மாகாணத்துக்குக் கட்டும் காணி மாற்று வரியில் 4,000 டொலர் வரை திரும்பக் கிடைக்கும். ரொறன்ரோ நகருக்குள் என்றால் நகரத்தின் காணி மாற்று வரியிலும் 4,475 வரை. மத்திய சலுகையைவிடப் பெரிய காசு, நிபந்தனையும் கடுமை. உலகில் எங்கேயும், எப்போதும், ஒரு வீட்டில் உங்களுக்குப் பங்கு இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் அப்பா எழுதிவைத்த வீட்டில் ஒரு பங்கும் பங்குதான். மனைவி பெயரில் சீதன வீடு இருந்தால் கணவருக்கும் போச்சு, ஏனென்றால் துணைவராக இருக்கும் காலத்தில் அவருக்கு வீடு இருக்கக் கூடாது. திருமணத்துக்கு முன்பே அதை விற்றிருந்தால் கணவர் கேட்கலாம்.

இந்தப் பணத்தை வீடு கைமாறும் நாளிலேயே சட்டத்தரணி கழித்துவிடுவார். ஆகவே ஊர் வீட்டுக் கதையைக் கையெழுத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.