குண்டுவெடிப்பு, துப்பாக்கிச்சூடு: முதலுதவியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்கமான முதலுதவி வகுப்பில் மூச்சுப்பாதை, மூச்சு, நாடி என்று ஒரு வரிசை சொல்லிக்கொடுப்பார்கள். சுடுகிறவன் இன்னும் உள்ளே இருக்கும்போது அந்த வரிசை செல்லாது. தோட்டா பறக்கும் இடத்தில் மண்டியிட்டு ஒருவரின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தால் கடைசியில் இரண்டு பேர் விழுந்துகிடப்பார்கள். முதலில் மறைவுக்குப் போங்கள், அடிபட்டவரால் தவழ முடிந்தால் அவரையும் வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால், வழியிருந்தால், இழுத்து வாருங்கள். கை காலில் ரத்தம் பீய்ச்சி அடித்தால் மட்டும் அங்கேயே ஒரு டூர்னிக்கெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்த, பட்டையைச் சுற்றிக் குச்சியால் திருகி இறுக்கும் கட்டு). மற்றதெல்லாம் அப்புறம்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. ஆபத்து துளிகூட இல்லை என்று உறுதியாகும்வரை மருத்துவ உதவியை வெளியே நிறுத்திவைப்பது. 1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் சுடப்பட்ட ஆசிரியர் ஒருவர் உதவி வராமல் மணிக்கணக்கில் ரத்தம் இழந்து இறந்தார். 2017 மே 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரீனா அரங்கில் குண்டு வெடித்தது, 22 பேர் கொல்லப்பட்டார்கள். வெடித்த இடத்தில் காயப்பட்டவர்கள் கிடந்த நேரம் முழுக்க அங்கே போன பாராமெடிக்குகள் (ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர்கள்) மூன்றே பேர், தீயணைப்புப் படை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஸ்ட்ரெச்சர் இல்லாமல் விளம்பரப் பலகைகளிலும் தடுப்புக் கம்பிகளிலும் வைத்து ஆட்களைத் தூக்கிப் போனார்கள்.

சரி, டூர்னிக்கெட்டுக்கு வருவோம், தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டக்கூடாது என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லி (அது சரியான அறிவுரைதான்), ரத்தம் கொட்டும் காலுக்கும் கட்டத் தயங்குகிறார்கள். கட்டினாலும் அடிபட்டவர் அலறியதும் பதறிப்போய்ப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வலிக்கத்தான் செய்யும். பாதி இறுக்கினால் சிரை மட்டும் அடைபட்டு, தமனியில் ரத்தம் வந்துகொண்டே இருக்கும், அதனால் ரத்த ஒழுக்கு அதிகமாகவும் செய்யலாம். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்துப் பட்டையைச் சுற்றி, ரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருகுங்கள். நிற்கவில்லையா, அதற்கு மேலே இன்னொன்று. கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். நடுவில் தளர்த்திப் பார்ப்பது பழைய பழக்கம், அதை விட்டுவிடுங்கள், அவிழ்ப்பது மருத்துவர்கள் வேலை. அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் 2013இல் குண்டு வெடித்தபோது பலருக்குக் கையில் கிடைத்ததை வைத்துத்தான் கட்டினார்கள், ஆனால் திருக ஒரு குச்சி இல்லாத வெறும் பெல்ட் பெரும்பாலும் போதிய இறுக்கம் தராது.

தொடை இடுக்கிலும் அக்குளிலும் கட்டுப் போட இடமில்லை. அங்கே மேலோட்டமாகத் துணியை வைத்துப் பிடிப்பது வீண். ரத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்த ஆழம்வரை விரலால் காஸ் துணியைத் திணித்து, காயம் நிறைந்ததும் உடல் பாரத்தைப் போட்டு அழுத்தவேண்டும், சாதாரணத் துணி என்றால் 10 நிமிடமாவது, இடையில் எடுத்துப் பார்க்காமல். நெஞ்சிலும் வயிற்றிலும் இப்படித் திணிக்கவே கூடாது.

குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். நம் ஊர் வெயிலாக இருந்தாலும் போர்த்திவிடுங்கள், உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது கெட்டுவிடும்.

ஒன்று விட்டுப்போச்சு: ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் போலி டூர்னிக்கெட்டை வாங்காதீர்கள், திருகும்போதே குச்சி ஒடிந்துவிடலாம். நல்லதாகவே வாங்கினாலும் பயிற்சிக்கு ஒன்று, பையில் ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.