கேஸ் மாத்திரையை நீட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி

தருமபுரியில் மருந்துக்கடை வைத்து 22 ஆண்டுகள் ஆகின்றன. டி.பார்ம் என்ற மருந்தாளுநர் படிப்பை முடித்துவிட்டு என்னிடம் தொழில் பழக வரும் பையன்களைப் பார்க்கும்போது, நான் செய்த பழைய தவறுகளே புதிய கைகளில் நடப்பதாகத் தோன்றுகிறது. சென்ற வாரம் காரிமங்கலம் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், “நெஞ்சு கரிக்குதுப்பா” என்று சொல்லி முடிப்பதற்குள் எங்கள் புதுப்பையனின் கை பான்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரையின் அட்டையை எடுத்துவிட்டது. காலாவதித் தேதியைப் பார்ப்பது, சீட்டில்லாமல் கொடுக்காதிருப்பது போன்றவற்றைக் கல்லூரியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள் என்பதால், அவற்றை விட்டுவிட்டு மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

“காலையில் ஒன்று” என்று மட்டும் சொல்வது

பான்டோபிரசோல், ரேபிபிரசோல், ஒமெப்ரசோல் ஆகியவை வயிற்றில் ஏற்கெனவே சுரந்து கிடக்கும் அமிலத்தைத் தொடுவதில்லை. அவை குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே இரைப்பையின் அமிலச் சுரப்பு செல்களை அடைந்து, அப்போது இயங்கிக்கொண்டிருக்கும் அமிலப் பம்புகளை மட்டுமே அடைக்கின்றன. அந்தப் பம்புகளை முடுக்குவது உணவு. மருந்தோ இரத்தத்தில் சில மணி நேரமே தங்குகிறது. எனவே உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் விழுங்கினால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் சந்திக்கும். விடியற்காலையில் மாந்தோப்புக்குப் போய், பத்து மணிக்குக் களி உண்பவரிடம் “காலையில்” என்றால் அவர் ஐந்து மணிக்கே போட்டுவிடுவார். எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டுவிட்டு நேரத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாளே மருந்தை மாற்றுவது

முழுப் பலன் தெரிய 3 முதல் 5 நாட்கள் ஆகும்.

எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்து, எரித்த மாத்திரையை மறப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. முதலில் என் மீது. பல ஆண்டுகளுக்கு முன், காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலையில் இரவு வேலை பார்த்த இளைஞர் ஒருவர், காய்ச்சலுக்காக எழுதப்பட்ட டாக்ஸிசைக்ளின் காப்ஸ்யூலை என் கடையில் வாங்கினார். உறையின் மேல் சூரியனுக்கும் நிலவுக்கும் நேரே கோடு போட்டுக் கொடுத்தேன், வேறெதுவும் சொல்லவில்லை. நான்காம் நாள், எச்சில் விழுங்கினாலே நடுநெஞ்சு குத்துகிறது என்று வந்தார். பான்டோபிரசோலும் ஒரு பாட்டில் அமிலமுறி மருந்தும் கொடுத்தேன். குறையவில்லை என்று மறுபடி வந்தபோது, காலையும் மாலையும் போடச் சொன்னேன். டாக்ஸிசைக்ளினும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

இதயக்கோளாறோ என்று பயந்து ஈசிஜி எடுத்து, கடன் வாங்கிச் சேலம் போய் எண்டோஸ்கோபி பார்த்த பிறகுதான், உணவுக்குழாயின் நடுப்பகுதியில் புண் இருப்பது தெரிந்தது. அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, என்ன மாத்திரையை எப்படி விழுங்கினாய் என்பதுதான். வேலை முடிந்து வந்து, ஒரே ஒரு மடக்குத் தண்ணீரில் காப்ஸ்யூலை விழுங்கிவிட்டு, உடனே பாயில் சாய்ந்திருக்கிறார். அதை நிறுத்தி வேறு மருந்து கொடுத்த பின், பத்து நாட்களுக்குள் தேறிவிட்டார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். “நீங்க கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே அண்ணா” என்றார். அது சண்டையைவிட உறைத்தது.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவு உணவுக்குழாயை அழுத்தும் இடத்தில், தண்ணீர் போதாத காப்ஸ்யூல் ஒட்டிக்கொள்கிறது. டாக்ஸிசைக்ளின் கரைந்தால் கடும் அமிலத்தன்மை உண்டாகிச் சவ்வைப் பொசுக்குகிறது. வயிற்றிலிருந்து மேலேறும் அமிலம் பெரும்பாலும் கீழ்முனையைப் புண்ணாக்கும். இது நடுவில் புண்ணாக்குகிறது. புண் ஆறும் வரை வயிற்று அமிலம் அதில் படாதிருக்க மருத்துவர்கள் பான்டோபிரசோல் எழுதுவதுண்டு. ஆனால் மூலகாரணம் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் அதனால் என்ன பயன்?

முன்பு நெஞ்சுக்கரிப்பே இல்லாத ஒருவருக்குத் திடீரென்று விழுங்கும்போது வலித்தால், முந்தைய நாட்களில் உண்ட மாத்திரைகளைக் கேளுங்கள். வலி மாத்திரைகள், இரும்புச்சத்து மாத்திரை, பொட்டாசியம் குளோரைடு, எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட் ஆகியவையும் இதைச் செய்யும். காரிமங்கலம் அம்மாவிடம் பையனை நிறுத்திவிட்டுக் கேட்டபோது, சுருக்குப்பையிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை அட்டைதான் வந்தது. இரவில் படுத்தபடியே விழுங்குகிறாராம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே அவரைத் திருப்பி அனுப்பினோம். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர், விழுங்கிய பின் அரை மணி நேரம் படுக்காதிருத்தல் என்ற இரண்டையும் சொல்லக் கால் நிமிடம் போதும். “டாக்டரே சொல்லியிருப்பாரு அண்ணா” என்று பையன்கள் என்னிடம் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

மாரடைப்பை வாயு என்பது

நெஞ்சை அழுத்தி, வியர்த்து, தாடைக்கோ கைக்கோ வலி பரவினால் மாத்திரையைத் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

குளோபிடோக்ரெல் உண்பவருக்கு ஒமெப்ரசோல்

கூடாது. குளோபிடோக்ரெல் இரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்து. அதன் பலனை ஒமெப்ரசோல் குறைக்கும்.

பழைய சீட்டையே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது

புண்ணான உணவுக்குழாய்க்கு இந்த கேஸ் மாத்திரைகள் வழக்கமாக எழுதப்படுவது 8 வாரங்களுக்கு. புண் கடுமையாக இருந்தவர்கள், நாள்தோறும் ஆஸ்பிரின் உண்ணும் வயதானவர்கள் போன்றோருக்கு நெடுநாள் தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்வார். நெடுநாள் உண்டவர் சட்டென்று நிறுத்தினால், சில வாரங்களுக்கு அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரப்பதுண்டு. நோய் திரும்பிவிட்டது என்றெண்ணி அவர் மறுபடி தொடங்கிவிடுவார். ஆண்டுக்கணக்கில் போனால் பி12 உயிர்ச்சத்தும் மக்னீசியமும் குறையக்கூடும். விழுங்கச் சிரமம், எடை குறைவு, கறுப்பு மலம் இருந்தால் மருத்துவரிடம் போவதை ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

ஒருவர் மூன்று ஆண்டுப் பழைய சீட்டை லேமினேஷன் செய்தே வைத்திருக்கிறார். மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறேன். அவர் எதிர்ச்சாரியில் இருக்கும் கடைக்குப் போகிறார்.