வசனத்தைக் கைவேலையாகக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழுப்பரீட்சை முடிந்ததும் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துச் சபைகளில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வேலை தொடங்கிவிடும். சார்ட் பேப்பர், பெவிகால், ஐஸ் குச்சி, பஞ்சு என்று பை பையாகப் பொருள் வந்து இறங்கும். கடைக்குப் போகும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வேதபகுதி பிள்ளையை எதைச் செய்யச் சொல்கிறது? பிள்ளையின் கை செய்யப்போவதும் அதுதானா?

காணாமற்போன ஆட்டின் உவமையை எடுத்துக்கொள்வோம் (லூக்கா 15). ஆட்டுப் படத்தில் பஞ்சு ஒட்டுவது வழக்கம். பிள்ளை அரைமணி நேரம் பஞ்சு ஒட்டும். தேடுவது என்றால் என்ன என்று மட்டும் அதற்குத் தெரியாமலே போகும். அதே நேரத்தில் நூறு புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறையில் ஒளித்துவைத்து எண்ணச் சொல்லுங்கள். தொண்ணூற்றொன்பதில் நிற்கும். மறுபடி எண்ணுவார்கள். பாய்க்கு அடியில், பெஞ்சுக்குப் பின்னால் தேடுவார்கள். கிடைத்ததும் அவர்களே கத்துவார்கள். மேய்ப்பன் ஏன் சிநேகிதரையும் அயலாரையும் கூட்டி வரவழைத்தான் என்பதை அந்தச் சத்தத்திலிருந்தே விளக்கிவிடலாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை வேண்டாம். மூக்கில், காதில் போட்டுக்கொள்வார்கள். பத்து பெரிய பாட்டில் மூடிகள் போதும்.

பாறைமேல் வீடு: பாடத்தைப் பொய்யாக்கும் சின்னப் பிழைகள்

மத்தேயு 7:24-27 செய்துகாட்ட எளிதுபோலத் தெரியும். அதிகம் சொதப்புவதும் இதுதான். காலித் தீப்பெட்டியை வீடாக வைத்தால் தண்ணீர் வந்ததும் பாறைமேல் இருப்பதும் மிதந்து போகும். பிள்ளைகள் சிரிப்பார்கள், வசனம் சொன்னதற்கு நேர்மாறாகக் கண்ணெதிரே நடந்திருக்கும். மணல் ஈரமாக இருந்தால் சுவர்போல இறுகி நிற்கும், வீடு விழாது. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் துகள்கள் கூர்மையாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அரிப்பு எடுக்கத் தாமதமாகும். வீட்டு வேலைக்குக் கொட்டி மிஞ்சிய ஆற்றுமணல் இரண்டு படி கிடைத்தால் போதும். முதல்நாளே வெயிலில் காயவையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலாற்றில் போய் அள்ள வேண்டாம்.

ஒன்றரை அடி நீளத் தட்டு ஒன்று. அதன் ஒரு முனைக்கு அடியில் செங்கல்லைப் படுக்கவைத்துச் சரிவாக்குங்கள். ஒரு பாதியில் மூன்று அங்குலத்துக்கு மணல், மறு பாதியில் தட்டையான கருங்கல். இரண்டு தீப்பெட்டிகளிலும் மணலை நிரப்பிச் சுற்றிலும் டேப் ஒட்டினால் எடை சமமாகும், தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். கல்லின்மேல் வைக்கும் வீட்டை முதல்நாளே எம்-சீல் (பிசைந்து ஒட்டும் பசை) வைத்து ஒட்டிவிட வேண்டும். இது ஏமாற்று அல்ல. லூக்கா 6:48-ல் அந்த மனிதன் ஆழமாய்த் தோண்டிக் கற்பாறையின்மேல் அஸ்திபாரம் போடுகிறான். எம்-சீலைப் பிசைவது பெரியவர் வேலை. கல்லைத் தேய்த்துக் கழுவுவதும், வீட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதும் பிள்ளைகள் வேலை. மணல் வீட்டை வைக்க அரை நிமிடம் ஆகும், கல் வீட்டுக்கு ஒரு இரவு ஆகும். அந்த வித்தியாசம் அவர்கள் கையில் பட வேண்டும்.

முதலில் பூவாளியால் மழை. பிறகு மேல்முனையிலிருந்து ஒரு லிட்டர் செம்பை நிதானமாக, பத்து விநாடிபோல ஊற்றுங்கள். இரண்டு பக்கத்துக்கும் அளவும் வேகமும் ஒன்றாக இருக்கட்டும். கல்லுக்கு அரைத் தம்ளரும் மணலுக்கு ஒரு வாளியும் ஊற்றினால், ஏழு வயதுப் பிள்ளையே "அக்கா, அதுக்கு மட்டும் ஏன் நெறைய ஊத்துறீங்க?" என்று கேட்கும்.

இதைவிடப் பெரிய தவறு விளக்கத்தில் நடக்கிறது. கன்மலை இயேசு, மணல் உலகம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உவமையில் இரண்டு பேருமே வார்த்தையைக் கேட்டவர்கள். ஒருவன் அதின்படி செய்தான், மற்றவன் செய்யவில்லை. ஞாயிறு பள்ளிக்கு ஒழுங்காக வரும் பிள்ளை தன்னைத் தானாகவே பாறைப் பக்கம் சேர்த்துக்கொள்ளும். அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. "இன்று கேட்டதில் எதை இந்த வாரம் செய்யப்போகிறாய்?" என்று கேட்டு, ஒரே ஒரு செயலைச் சொல்லவையுங்கள். 'நல்ல பிள்ளையாக இருப்பேன்' என்பது செயல் அல்ல. 'தங்கச்சியிடம் பிடுங்கிய பென்சிலைத் திருப்பிக் கொடுப்பேன்' என்பது செயல்.

நான்கு நிலங்கள்: ஒரே ஞாயிறில் முடியாது

விதைக்கிறவன் உவமைக்கு (மத்தேயு 13) அன்று காலையில் நான்கு கப்பில் மண் போட்டு விதை தூவிவிட்டுக் கதையைச் சொன்னால், பிள்ளைகள் பார்ப்பது நான்கு கப் மண் மட்டுமே. குறைந்தது பத்து நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும். பயிருக்குக் கேழ்வரகு நல்லது. நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்த தானியம், எறும்பும் குருவியும் விடாது. கடையில் வாங்கினால் முழுதாக இருக்கிறதா, கழுவி வறுத்ததா என்று கேட்டு வாங்குங்கள், வறுத்தது முளைக்காது.

அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்கச்சி நான்கு. வழியருகே: களிமண்ணை அழுத்தி, காயவைத்து, மேலே விதை, மதில்மேல் வைத்துவிடுங்கள். கற்பாறை: முக்கால் பங்கு சின்ன ஜல்லி, அதன்மேல் அரை விரற்கடை மண். முள்: நல்ல மண்தான், ஆனால் கேழ்வரகுக்கு நான்கு நாள் முன்பே ஒரு கைப்பிடி கொள்ளை நெருக்கமாக விதைத்துவிட வேண்டும். உண்மையான முட்செடி வளர மாதக்கணக்காகும். கொள்ளு ஒரே வாரத்தில் எழுந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். நல்ல நிலம்: செம்மண்ணும் மக்கிய எருவும் பாதிப் பாதி. நான்குக்கும் ஒரே அளவு தண்ணீர், காலையும் மாலையும் இரண்டு ஸ்பூன். கல் நிலத்தைத் தண்ணீர் ஊற்றாமல் காயப்போட்டால் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும். முளைத்தபின் எல்லாவற்றையும் வெயிலுக்கு மாற்றி, ஒருவேளை மட்டும் ஊற்றினால், ஆழமில்லாத மண் தானாகவே முதலில் வதங்கும். வேலூர் மே மாத வெயிலுக்குக் காலை வெயில் போதும். உச்சி வெயிலில் வைத்தால் நல்ல நிலமும் கருகி, பாடமே போய்விடும்.

அறுவடையைக் காட்ட ஒரு முற்றிய கேழ்வரகுக் கதிரைக் கொண்டுவந்து, உதிர்த்து எண்ணச் சொல்லுங்கள். முப்பது, அறுபது, நூறு என்று எண்ணிக்கொண்டே போய், அதற்கும் மேல் மிஞ்சும். இதற்கே கால்மணி நேரம் தரலாம்.

இந்தப் பாடத்தில் செய்யவே கூடாத ஒன்று: "நீ கற்பாறை, அவன் நல்ல நிலம்" என்று பெயர் சூட்டுவது. சேட்டை செய்யும் பையன் அந்தப் பெயரை வருடக்கணக்கில் சுமப்பான். உலகக் கவலையும் ஐசுவரியத்தின் மயக்கமும் வசனத்தை நெருக்கிப்போடுவதாகத்தான் 22-ஆம் வசனம் சொல்கிறது. ஆகவே, நம் வாரத்தில் ஜெபத்தை நெருக்குவது எது என்று ஆசிரியரும் சேர்ந்து யோசிக்க வேண்டும். செல்போன், டியூஷன், டிவி. ஒவ்வொன்றாகச் சொல்லி ஒவ்வொரு கொள்ளுச் செடியைப் பிடுங்கலாம். களை பிடுங்குவது உவமையில் இல்லை, நாம் சேர்த்தது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

கால் கழுவுவது: யார் காலை யார்?

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவும் யோவான் 13-ஐச் செய்துகாட்டும்போது பிள்ளைகளை ஆசிரியர் காலைக் கழுவவைக்கும் இடங்கள் உண்டு. பெரியவர் காலைத் தொடுவது நம் ஊரில் ஏற்கெனவே மரியாதை. பிள்ளைக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. பெரியவர் குனிவதுதான் இந்த வேதபகுதி. "ஆண்டவரும் போதகருமாகிய நானே" கழுவினேன் என்றுதான் இயேசு சொல்கிறார். எனவே முதலில் ஆசிரியர் தரையில் உட்கார வேண்டும். முடிந்தால் ஆயரும் உட்காரட்டும். அடுத்து பெரிய வகுப்புப் பிள்ளைகள் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு. யார் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு எடுங்கள். விருப்பத்துக்கு விட்டால் ஒரே தெரு, ஒரே உறவு என்று ஜோடி சேர்ந்துவிடும். அதோடு இந்தப் பாடத்தின் உயிரே போய்விடும்.

பேசினில் காலை முக்கவைக்காதீர்கள். செம்பிலிருந்து ஊற்றி, பேசின் அதைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆளுக்கு ஒரு துண்டு, வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம். காலில் புண் இருக்கும் பிள்ளைக்கும் கூச்சப்படும் பிள்ளைக்கும் கை கழுவினால் போதும். வற்புறுத்தக் கூடாது, பேதுருவே முதலில் மறுத்தவர்தான். திறந்த கூடத்தில், இரண்டு பெரியவர்களாவது உடனிருக்க, பெற்றோருக்கு முன்பே சொல்லிவிட்டு நடத்துங்கள்.

பத்துப் பேர் குணமான கதையில் கட்டு வேண்டாம்

லூக்கா 17:11-19-ல் இயேசு பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்குகிறார், நன்றி சொல்லத் திரும்பி வருவது ஒருவன் மட்டுமே. இதற்குப் பிள்ளைகளின் கையில் துணி சுற்றி, சிவப்புச் சாயம் பூசி, நொண்டவைத்து நாடகம் போடுவது எந்த ஊரிலும் தவறு. வேலூர்ப் பகுதியில் இன்னும் பெரிய தவறு. 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தும் வேலையைத் தொடங்கியது இங்கேதான். வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய்க்கான மருத்துவ ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இருக்கிறது. குணமானவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். வேதாகமத்தில் குஷ்டம் என்று வருவது பலவிதத் தோல் நோய்களைக் குறிக்கும். இன்றைய தொழுநோய் ஆறு முதல் பன்னிரண்டு மாத மாத்திரையில் குணமாகும், மருந்து தொடங்கியதும் பரவுவதும் நின்றுவிடும் என்பதைச் சொல்லிவிட்டே கதைக்குள் போங்கள்.

கதையின் செயல், ஒருவன் திரும்பி வந்ததுதான். நன்றி அட்டை செய்து சுவரில் ஒட்டினால் யாரும் திரும்பி நடக்கவில்லை. அட்டை சின்னதாக இருக்கட்டும். கோயிலைக் கூட்டுகிறவர், தெருவின் தூய்மைப் பணியாளர், ஆட்டோ ஓட்டும் அண்ணன் என்று ஒருவரிடம் பிள்ளையே நடந்துபோய்க் கையில் கொடுத்து, பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும்.

நல்ல சமாரியனும் ஆஸ்பத்திரித் தெருவும்

நாடகத்தில் பாதி நேரம் கள்ளர் அடிப்பதிலேயே கரைந்துவிடும். அடிப்பதை ஒரே வரியில் கதைசொல்லி சொல்லட்டும். எண்ணெய், துணிக்கட்டு, கழுதை, சத்திரம், இரண்டு பணம் ஆகியவற்றுக்கு நேரத்தைக் கொடுங்கள்.

வேலூர்ப் பிள்ளைக்கு உதவி என்றதும் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். 1900-ல் ஒரே படுக்கையோடு டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கியது இவ்வளவு வளர்ந்ததைச் சொல்வது நல்லதுதான். ஆனால் அடிபட்டவனைப் பார்ப்பது டாக்டர் வேலை என்று பிள்ளை ஒதுங்கிவிடவும் இது இடம் கொடுக்கிறது. இன்னொன்று, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் தங்குகிறவர்களை எப்போதும் உதவி பெறுகிறவர்களாகவே காட்டுகிறோம். உவமையில் உதவி செய்தவனே வெளியாள். நாடகத்தில் தமிழ் தெரியாத அந்த வெளியூர்க்காரர் நம் ஊர்ப் பையனைத் தூக்கிவிடட்டும். "எனக்குப் பிறன் யார்" என்ற கேள்வி அப்போதுதான் உறைக்கும். "நீயும் போய் அந்தப்படியே செய்" என்பதற்கு, மருந்துக்கடை, குடிதண்ணீர், பஸ் நிறுத்தம், காட்பாடி ஸ்டேஷன் பஸ் எல்லாவற்றையும் படமும் அம்புக்குறியுமாக ஒரு அட்டையில் வரைந்து, பெரியவர் துணையோடு லாட்ஜ் வரவேற்பறையில் வைத்து வரலாம்.

சுருக்கமாகச் சில

ஆவியின் கனி ஒன்பதையும் ஒரே நாளில் ஒட்டி முடிக்காதீர்கள். வாரம் ஒன்று போதும். நீடியபொறுமை, இச்சையடக்கம் போன்ற சொற்களைப் பிள்ளையின் வீட்டுப் பேச்சில் சொல்லிக்காட்டிவிட்டு மனப்பாடம் செய்யவையுங்கள்.

வசனத்தை மூடிகளில் எழுதி அடுக்கச் சொல்லும்போது எழுத்து எழுத்தாக உடைக்காமல் சொல் சொல்லாக எழுதுங்கள். இங்கிலீஷ் மீடியப் பிள்ளைகள் தமிழை மெதுவாகத்தான் வாசிப்பார்கள். வேகப் போட்டி வைத்தால் அவர்கள் வெட்கப்பட்டு அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

விதவையின் இரண்டு காசைச் சொல்லிவிட்டு, அதிகம் காணிக்கை கொண்டுவந்த வகுப்புக்குப் பரிசு கொடுக்காதீர்கள். தர்மம் அந்தரங்கமாயிருக்கட்டும் என்று மத்தேயு 6 சொல்லும்போது, நற்செயலுக்கு ஸ்டார் ஒட்டும் சார்ட்டும் வேண்டாம்.

அப்பத்தைப் பகிரும் பாடத்தில் கடலை மிட்டாய் கொடுப்பதாக இருந்தால், யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாதா என்று முன்பே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். வி.பி.எஸ்.ஸுக்கு வேறு மத வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். என்ன கற்பிக்கிறோம் என்பதை அந்தப் பெற்றோரிடம் ஒளிக்காமல் முதல்நாளே சொல்லுங்கள். அவர்கள் வீட்டு வழிபாட்டைக் குறைத்துப் பேசும் ஒரு வார்த்தைகூட வகுப்பில் வரக் கூடாது.

அடுத்த வாரம் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தைச் 'செய்தாயா' என்று கேட்பதற்கு ஒதுக்குங்கள். எல்லார் முன்னும் எழுப்பிக் கேட்காமல் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொள்ளட்டும், ஆசிரியரும் தான் செய்ததை ஒரு பிள்ளையிடம் சொல்லட்டும். செய்யாமல் வந்த பிள்ளைக்குத் திட்டு இல்லை. அதே செயல், இன்னும் ஒரு வாரம்.