கிம்பல் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க போன எடை போடுங்க

போன வைகாசில எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு பொண்ணழைப்புல ஆரம்பிச்சு நலங்கு வரைக்கும் நான்தான் போன்ல வீடியோ எடுத்தேன். போட்டோகிராபர் தனியா இருந்தார், ஆனா வீட்டாளு ஒருத்தர் பக்கத்துலயே இருந்து எடுத்தா நல்லா இருக்கும்னு அக்கா ஆசைப்பட்டா. போன வெறும் கையில பிடிச்சுக்கிட்டு நாதஸ்வரக்காரங்களுக்கு முன்னாடி பின்பக்கமா நடந்து நடந்து எடுத்தேன், போன் ஸ்க்ரீன்ல பார்க்குறப்போ ஒண்ணுமே தெரியல, ராத்திரி வீட்டுல 43 இன்ச் டிவில போட்டதும்தான் தெரிஞ்சுது, நான் வெச்ச ஒவ்வொரு அடிக்கும் மண்டபமே மேலயும் கீழயும் குதிக்குது. பெரியம்மா ரெண்டு நிமிஷத்துல "தலை சுத்துதுப்பா, நிறுத்து"ன்னுட்டாங்க. ஒரு மணி நேர வீடியோல தேறினது தரையில உட்கார்ந்து எடுத்த மருதாணி சீன் மட்டும்தான். திரும்ப எடுக்கவே முடியாத நாள் அது, இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அதுக்கப்புறம் கிம்பல், அதாவது போன் ஆடாம பிடிச்சுக்குற மோட்டார் வெச்ச கைப்பிடி வாங்கி, அஞ்சாறு விசேஷத்துல எடுத்துப் பழகினதுல தெரிஞ்சுக்கிட்டத எல்லாம் இங்க எழுதுறேன், வாங்க நினைக்குறவங்களுக்கு பணமும் மிச்சமாகும், நல்ல வீடியோவும் மிஞ்சும்.

முதல்ல ஒண்ணு யோசிங்க, நீங்க நடந்துக்கிட்டே எடுக்குற ஆளா? உட்கார்ந்து பேசுறது, சமையல் வீடியோ, கிளாஸ் எடுக்குறது இதுக்கெல்லாம் ஆயிரம் ரூபாய் ட்ரைபாடே போதும், கிம்பல் வேணவே வேணாம். கல்யாணம், ஊர்வலம், வீடு சுத்திக் காட்டுறது, ஓடுற குழந்தை பின்னாடியே போறது, இந்த மாதிரின்னா தாராளமா வாங்கலாம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா எத வாங்கணும்னு தானா புரியும். ஆமான்னு மேலயும் கீழயும் தலையாட்டுறோம் பாருங்க, அந்த அசைவுக்கு டில்ட்னு பேரு. இல்லன்னு இடம் வலமா ஆட்டுறது பேன். நம்ம ஊர்ல "சரி சரி"ன்னு தலைய தோள்பட்டைப் பக்கம் சாய்ச்சு ஆட்டுவோமே, அது ரோல். இந்த மூணுக்கும் மூணு மோட்டார், கை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புதுன்னு உள்ள இருக்குற சென்சார் பார்த்துக்கிட்டே இருக்கும், மோட்டார் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பும், அதனால போன் மட்டும் அசையாம நிக்கும். கடையில ரெண்டாயிரத்துக்குள்ள "கிம்பல்"னு போட்டு விக்குறதுல பெரும்பாலும் மோட்டார் ஒண்ணே ஒண்ணுதான், ரோல மட்டும் நேராக்கும், பார்க்க செல்ஃபி ஸ்டிக் மாதிரியே இருக்கும். அட்டையில "3 ஆக்சிஸ்"னு போட்டிருக்கான்னு பார்க்காம காச கொடுக்காதீங்க.

ஆனா மூணு மோட்டார் இருந்தாலும் அதால முடியாத ஒரு வேலை இருக்கு, இத எந்த விளம்பரமும் சொல்றதில்ல. போன் சாயுறதையும் திரும்புறதையும்தான் அது தடுக்கும், ஆள் நடக்குறப்போ உடம்பே மேல ஏறி கீழ இறங்குது பாருங்க, அத அதால ஒண்ணும் பண்ண முடியாது. "கிம்பல் வாங்கியும் வீடியோ குதிக்குது, பீஸ் கோளாறு"ன்னு திருப்பிக் கொடுக்குறவங்கள்ல நிறைய பேருக்கு பிரச்சனை அவங்க நடையிலதான் இருக்கு. அதுக்கு கீழ வரேன்.

வாங்குறதுக்கு முன்னாடி போன உறையோட சமையல்கட்டு தராசுல வெச்சு எடை பாருங்க, தராசு இல்லைன்னா தெரிஞ்ச மளிகைக் கடையில போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கிம்பலுக்கும் ஒரு எடைக் கணக்கு உண்டு, உதாரணமா டிஜேஐ ஓஸ்மோ மொபைல் 6க்கு 170ல இருந்து 290 கிராம் வரைக்கும், போன் அகலம் 67ல இருந்து 84 மில்லிமீட்டர், தடிமன் 6.9ல இருந்து 10 மில்லிமீட்டர். ஐபோன் 14 ப்ரோ மேக்ஸ் வெறும் போனே 240 கிராம், அது மேல தடி ரப்பர் உறை போட்டா எடை 290ஐ நெருங்கிடும், தடிமனும் 10ஐத் தாண்டும், போனப் பிடிச்சுக்குற கிளாம்ப் ஒழுங்கா கவ்வாது. அதுக்கு மேல ஒரு லைட்டோ மைக்கோ மாட்டுனா மோட்டார் திணறும், "ங்ங்"னு வண்டு மாதிரி சத்தம் வரும், அந்த சத்தம் வீடியோலயும் விழும். கனமான போன்காரங்க 400 கிராம் தாங்குற ஹோஹெம் ஐஸ்டெடி எம்6 மாதிரி மாடல பார்க்குறது நல்லது.

கிம்பலோட சொந்த எடையையும் பாருங்க. ஓஸ்மோ மொபைல் 6 சுமார் 309 கிராம், அந்த 240 கிராம் போனோட சேர்த்தா அரைக் கிலோவுக்கு மேல வருது, கேட்க கம்மியாத்தான் இருக்கும், முகூர்த்தம் முடியுற வரைக்கும் கைய நீட்டிப் பிடிச்சுப் பாருங்க, முழங்கை விட்டுப்போகும். எனக்கு மடக்கி பைல போடுற மாதிரி இருக்குறதுதான் முக்கியமாப் பட்டுச்சு, ஏன்னா பெருசா இருந்தா எடுத்துட்டுப் போகவே சோம்பல் வந்துடும். அடியில கால் இன்ச் திருகு ஓட்டை இருக்கணும், குட்டி ட்ரைபாட மாட்டி மேஜையில வெச்சுட்டு கைக்கு ஓய்வு கொடுக்கலாம். நீளுற தடி நல்லா இருக்கும், குரூப் போட்டோவுக்கு உதவும், ஆனா தடிய முழுசா நீட்டிக்கிட்டு நடந்தா ஆட்டம் கூடும், நின்னு எடுக்குறப்போ மட்டும் நீட்டுங்க.

கேமரா தானாவே ஆளைப் பின்தொடர்றதுல மூணு வகை இருக்கு, மூணையும் குழப்பிக்காதீங்க. ஒண்ணு கிம்பல் கம்பெனியோட ஆப் வழியா நடக்குறது, அப்போ அந்த ஆப்லதான் ரெக்கார்ட் பண்ணணும், சில ஆண்ட்ராய்டு போன்ல அந்த ஆப்ல 4கே 60 (4கே தெளிவுல நொடிக்கு 60 ஃப்ரேம்) கிடைக்காது, போனோட சொந்த கேமரால வர்ற தெளிவும் வராது. இன்னொண்ணு ஆப்பிள் ஐஓஎஸ் 17ல கொண்டு வந்த டாக்கிட், இன்ஸ்டா360 ஃப்ளோ ப்ரோ மாதிரி அதுக்கு ஒத்துப்போற கிம்பல் இருந்தா ஐபோனோட சொந்த கேமராலயே ஆளைத் தொடரும். மூணாவது, ஓஸ்மோ மொபைல் 7பி மாதிரி சிலதுல கிம்பல் மேலயே மாட்டுற தனி டிராக்கிங் யூனிட் வருது, அப்போ எந்த ஆப்ல எடுத்தாலும் தொடரும். இந்த வசதிக்கு காசு கூட, கூட்டத்துல எடுக்குறவங்களுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன், மண்டபத்துல ஒருத்தர் குறுக்க வந்தா போதும், கேமரா மாப்பிள்ளைய விட்டுட்டு சாப்பாட்டு ஹாலுக்குப் போற மாமா பின்னாடி போயிடும்.

செகண்ட்ஹேண்ட் வாங்குறவங்க ஒண்ணு செய்ங்க, உங்க சொந்த போன மாட்டி ஆன் பண்ணி அஞ்சு நிமிஷம் கையில வெச்சுக்கிட்டே பேசிக்கிட்டு இருங்க, அதுக்குள்ள ஸ்க்ரீன் ஒரு பக்கமா மெல்ல சாயுதான்னு பாருங்க. ஆஃப் பண்ணிட்டு கிம்பலோட மோட்டார் இருக்குற மூணு கையையும் விரலால சுத்திப் பாருங்க, எங்கயும் நறநறன்னு மாட்டக் கூடாது.

சரி, வாங்கியாச்சு. இனி ஒரு விஷயத்துல அவசரமே கூடாது, போன மாட்டின பிறகுதான் பவர் பட்டன். வெறும் கிம்பல ஆன் பண்ணினா எடை இல்லாம மோட்டார் தடுமாறும். போன நடுவுல வெச்சு கிளாம்ப்ல மாட்டுங்க, ஆன் பண்ணாமலே விட்டுப் பாருங்க, ஒரு பக்கமா தொப்புன்னு சாஞ்சா போன அந்தப் பக்கத்துக்கு எதிரா ரெண்டு மில்லிமீட்டர் நகர்த்துங்க. கேமரா மேடு இருக்குற பக்கம் எப்பவும் கொஞ்சம் கனம் கூட, அதனால சரியா நடுவுல வெச்சாலும் சாயுற போன் உண்டு. சாயாம நின்னாதான் பேட்டரியும் சொன்ன நேரம் உழைக்கும். வீடியோல தரைக் கோடு சாய்வாத் தெரிஞ்சா சமமான மேஜையில வெச்சு ஆப்ல கேலிப்ரேட் பண்ணுங்க, அதாவது சென்சாருக்கு எது மட்டம்னு திரும்பச் சொல்லிக் கொடுங்க, கார்லயோ பஸ்லயோ போய்க்கிட்டே பண்ணாதீங்க, வளைவுல திரும்புறப்போ சென்சாருக்கு எது கீழன்னே தெரியாது.

அடுத்தது போன் செட்டிங். சாம்சங்ல சூப்பர் ஸ்டெடி, ஐபோன்ல ஆக்ஷன் மோட், என்ஹான்ஸ்டு ஸ்டெபிலைசேஷன், எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. இதெல்லாம் சாஃப்ட்வேர் படத்த ஓரத்துல வெட்டி ஆட்டத்த மறைக்குறது, கிம்பல் மெதுவா திருப்புறத அது ஆட்டம்னு நினைச்சு பிடிச்சு வெச்சுக்கும், அப்புறம் முடியாம டக்குன்னு விடும், வீடியோல திக்கித் திக்கி நகரும். வெளிச்சம் கம்மியான ஹால்ல இன்னும் மோசம்.

மண்டபத்து சீரியல் லைட்டு, டியூப் லைட்டுக்கு கீழ வீடியோல கருப்புப் பட்டை ஓடுறத பார்த்திருப்பீங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு நொடிக்கு 100 தடவை மின்னுது, ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா வெளிச்சம் வாங்குற நேரம், நொடியில 1/50 இல்ல 1/100ல இருந்தா பட்டை பெரும்பாலும் போயிடும். ஐபோன்ல கேமரா செட்டிங்ல ரெக்கார்ட் வீடியோவுக்குள்ள பால் (PAL) ஃபார்மட்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு, ஆன் பண்ணினா நொடிக்கு 25 ஃப்ரேம் கிடைக்கும், அத வெச்சுக்கோங்க. ஷட்டர கையால வைக்கணும்னா பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், 2023ல ஐபோனுக்கும் 2024ல ஆண்ட்ராய்டுக்கும் வந்துச்சு. வேற எதுவும் வேணாம்னா ஸ்க்ரீன்ல முகத்து மேல விரல அழுத்திப் பிடிச்சு ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) ரெண்டையும் லாக் பண்ணுங்க, இல்லைன்னா ஆரத்தி தட்டு ஃப்ரேமுக்குள்ள வர்றப்போ பொண்ணு முகம் இருட்டாகி, தட்டு போனதும் திரும்ப வெளுக்கும்.

இப்போ நடை. எங்க ஊர் திருவிழாவுல கரகம் எடுத்து ஆடுறவங்கள கவனிச்சிருக்கேன், கால் என்ன வேகத்துல போனாலும் தலை மட்டம் மாறாது, ஏன்னா குலுக்கல எல்லாம் முட்டியும் இடுப்பும் வாங்கிக்குது. நமக்கும் அதேதான் வேணும். முட்டிய லேசா மடக்கி உட்காருற மாதிரி தாழ்ந்து நில்லுங்க, அடி சின்னதா வைங்க, குதிகால முதல்ல வெச்சு பாதத்த உருட்டி விரல் நுனிக்குக் கொண்டு போங்க, முட்டிய எந்த அடியிலயும் முழுசா நீட்டாதீங்க. பின்பக்கமா நடக்குறப்போ இது அப்படியே திரும்பும், விரல் நுனி முதல்ல, குதிகால் அப்புறம். முழங்கை ரெண்டும் விலாவ ஒட்டி இருக்கணும், ஒரு கை கைப்பிடியில, இன்னொரு கை அதுக்கு கீழ தாங்கிக்கிட்டு. செருப்பக் கழட்டிட்டு வெறுங்கால்ல நடந்தா தரை நல்லா தெரியும், மண்டபத்துல எப்படியும் வெறுங்கால்தான். பழகுறதுக்கு ஒரு டம்ளர்ல விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி, நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு மொட்டை மாடிய சுத்தி வாங்க. முதல் நாள் எனக்கு அரை டம்ளர்தான் மிஞ்சிச்சு, பத்து நாள்ல ஒரு சொட்டு சிந்தல, அன்னைக்கு எடுத்த கிளிப்பப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு சூட்சுமம், ஃப்ரேம்ல பொருள் பக்கத்துல இருந்தா குதிக்குறது நல்லாத் தெரியும், தூரத்துல இருந்தா தெரியாது. அதனால நடந்துக்கிட்டு எடுக்குறப்போ ஆளுக்கு ஆறேழு அடி தள்ளி இருங்க, க்ளோசப் வேணும்னா நின்னு எடுங்க. ஜூம் பண்ணிக்கிட்டு நடக்கவே கூடாது. அல்ட்ரா வைட்ல ஆட்டம் குறைவாத் தெரியும், ஆனா இருட்டுல புள்ளி புள்ளியா அடிக்கும், சில மாடல்ல கிம்பல் கையே ஓரத்துல எட்டிப் பார்க்கும்.

மோடப் பத்தி ரொம்பக் குழம்ப வேணாம். டில்ட் லாக் ஆகி பேன் மட்டும் தொடர்ற மோட்லயே முக்கால்வாசி வேலை முடிஞ்சிடும். பெரும்பாலான மாடல்ல கைப்பிடியில இருக்குற டிரிக்கர் பட்டன அழுத்திப் பிடிச்சா கேமரா பார்த்த திசையிலயே நிக்கும், ரெண்டு தட்டு தட்டினா நடுவுக்கு வந்துடும், இந்த ரெண்டும் விரலுக்குப் பழகினா போதும். ஜாய்ஸ்டிக் வேகத்த ஆப்ல குறைச்சு வைங்க. கேமராவத் திருப்ப மணிக்கட்ட வெட்டாதீங்க, இடுப்போட சேர்ந்து மொத்தமாத் திரும்புங்க.

அப்புறம் மண்டபத்துக்குள்ள. முந்தின நாள் சாயங்காலமே போய் வாசல்ல இருந்து மணவறை வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்க, ஜமக்காள மடிப்பு எங்க இருக்கு, ஸ்பீக்கர் ஒயர் எங்க ஓடுது, படி எத்தனைன்னு. பின்பக்கமா நடக்குறப்போ தம்பியோ மச்சானோ ஒருத்தர் உங்க இடுப்புல கை வெச்சு வழி காட்டணும், தனியா போகாதீங்க, சீர்வரிசைத் தட்டோட பொம்பளைங்க குழந்தைங்க வர்ற கூட்டம் அது. ஒவ்வொரு ஷாட்டுலயும் மூணு நொடி அசையாம நின்னு ஆரம்பிங்க, முடிக்குறப்பவும் மூணு நொடி நில்லுங்க, எடிட் பண்றப்போ இது எவ்வளவு உதவும்னு அப்பத் தெரியும். மாப்பிள்ளை அழைப்பு, பந்தி, மாலை மாத்துறது எல்லாம் நகர்ந்து எடுங்க. ஆனா கெட்டிமேளம் சொன்னதும் நின்ன இடத்துலயே நின்னுடுங்க, அந்த அரை நிமிஷத்துல கேமரா நகரக் கூடாது, தாலி, முடிச்சு போடுற நாத்தனார் கை, பொண்ணோட அம்மா முகம், இதுக்கு மேல அங்க எந்த ஸ்டைலும் வேணாம். பெரியவங்களுக்கு முன்னாடி நின்னு மறைக்காதீங்க, அவங்க பார்க்கத்தான் வந்திருக்காங்க.

கோயில் கல்யாணம்னா முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க, 2022 டிசம்பர்ல ஐகோர்ட் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள்ள போனுக்கு தடை கொண்டு வரச் சொல்லி உத்தரவு போட்டிருக்கு, வாசல்ல வாங்கி வெச்சுடுவாங்க. அப்போ ராஜகோபுரத்துக்கு வெளிய வர்ற ஊர்வலத்த எடுக்குற மாதிரி திட்டம் போடுங்க.

பைக்ல கிம்பல மாட்டி ஓட்டாதீங்க, இஞ்சின் அதிர்வு போன் கேமராவுக்குள்ள இருக்குற ஸ்டெபிலைசர கெடுக்கும்னு ஆப்பிளே 2021ல எச்சரிச்சிருக்கு. மழைத் தூறல்னா உடனே உள்ள வைங்க, மோட்டார் மூட்டுக்குள்ள தண்ணி போனா முடிஞ்சுது. பன்னீர் தெளிக்குறவங்ககிட்டயும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. விமானத்துல போறீங்கன்னா கைப்பையில வைங்க, லித்தியம் பேட்டரி இருக்கு. விசேஷம் இல்லாத மாசங்கள்ல அப்படியே பீரோல போட்டு மறந்துடாதீங்க, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பாதி அளவு சார்ஜ் ஏத்தி வைங்க, ஆடி முழுக்க சும்மா கிடந்துட்டு ஆவணி முதல் முகூர்த்தத்து அன்னைக்கு காலையில நாலு மணிக்கு எடுத்துப் பார்த்து அது ஆன் ஆகலைன்னா அந்த நேரத்துல எந்தக் கடையும் திறந்திருக்காது.