மெட்டல் இசைக்கு ஹை அவுட்புட் கிட்டார் பிக்கப்: எதைப் பார்த்து வாங்குவது?

பிக்கப் என்பது எலெக்ட்ரிக் கிட்டார் கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம். முதலில் பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் நிற்கும் இடம்) பக்க ஹம்பக்கரை, அதாவது இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பை, மட்டும் மாற்றினால் போதும். உள்ளங்கை விளிம்பால் கம்பியை அமுக்கி வாசிக்கும் பாம் மியூட் ரிஃப்புக்குப் பெரும்பாலும் அதுதான் வேலை செய்கிறது.

'16 கிலோ ஓம்' என்றதும் மயங்கிவிடாதீர்கள். அது சுருளின் மின்தடை, அவ்வளவுதான். மெல்லிய கம்பி சுற்றினாலே எண் ஏறிவிடும், சத்தம் அதே அளவுக்கு ஏறாது. காந்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். செராமிக் காந்தம் என்றால் தாழ்ந்த சுரங்கள் இறுக்கமாகவும் ஒலி கூர்மையாகவும் வரும்; அல்னிகோ 5 (ஒரு உலோகக் கலவைக் காந்தம்) சற்று மென்மை. 1972இல் வந்த டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷனில் இருப்பது செராமிக்தான். ஆம்பிலேயே கெயின் (சைகையைப் பெருக்கி ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) தாராளமாக இருந்தால் மிதமான அவுட்புட் நல்லது; அவுட்புட்டும் அதிகமானால், சுருதியை இறக்கி வைக்கும் டிராப் டியூனிங்கில் தடித்த கம்பிகளின் ஒலி குழைந்துவிடும்.

ஈஎம்ஜி 81 மாதிரி, உள்ளேயே பேட்டரியில் ஓடும் பெருக்கி கொண்ட ஆக்டிவ் வகைக்கு 9 வோல்ட் பேட்டரி, 25 கிலோ ஓம் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள மாறு மின்தடை), ஸ்டீரியோ ஜாக் வேண்டும். பழைய 500 கிலோ ஓம் பாட்டையே விட்டுவைத்தால் வால்யூம் குமிழ் சுவிட்ச் போலத்தான் வேலை செய்யும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுங்கள். செருகியே இருந்தால் பேட்டரி காலி.

பொருத்தியபின் கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் காந்த முனைக்கும் நடுவே சுமார் 2 மி.மீ. வையுங்கள். பேட்டரி இல்லாத பாஸிவ் பிக்கப்பை மிகவும் நெருக்கினால் காந்தம் கம்பியை இழுக்கும்: சுருதி தள்ளாடும், சஸ்டெயின் (ஒலி நீடிக்கும் நேரம்) குறையும். ஹை கெயினில் கீச்சிட்டால், சுருள் அதிராமல் இருக்க ஏற்றும் மெழுகு சரியாக ஏறவில்லையோ என்று சந்தேகப்படுங்கள்.