கையெழுத்துப் போடும் முன்: தீவிபத்துக் காப்பீட்டில் வணிகர்கள் செய்யும் தவறுகள்

கிடங்கு எரிந்துபோன வணிகர் நீதிமன்றத்தில் தோற்பது அபூர்வம். பெரும்பாலும் அதற்கு ஓராண்டு முன்பே, தன் அலுவலக மேஜையில், பேனாவைக் கையில் எடுத்த நேரத்தில் தோற்றுவிடுகிறார்.

அந்தப் பேனா இறங்கும் காகிதத்தின் பெயர் டிஸ்சார்ஜ் வவுச்சர். ஒன்றே முக்கால் கோடி கேட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பாதித் தொகையைக் காட்டி, 'முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்குகிறது. வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கும்போது எவரும் கையெழுத்திடுவார். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

கையெழுத்துப் போட்டதாலேயே உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் அஜ்மீர் சிங் காட்டன் வழக்கில் சொன்னது உண்மை. மோசடி, மிரட்டல், தகாத செல்வாக்கு ஆகியவற்றைக் காட்டினால் நிவாரணம் உண்டு. ஆனால் அதே வழக்கில் அவற்றைக் காட்டாத ஆலைகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஜீனஸ் பவர் வழக்கில் கையெழுத்திட்டு மூன்று வாரம் கழித்துத்தான் எதிர்ப்புக் கிளம்பியது. விவரமில்லாத 'வற்புறுத்தினார்கள்' என்ற ஒற்றை வரியை நீதிமன்றம் ஏற்கவில்லை.

2024 ஜூலையில் வந்த கிரிஷ் ஸ்பின்னிங் தீர்ப்பு வணிகருக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறது. வவுச்சரில் கையெழுத்திட்டிருந்தாலும், உண்மையிலேயே கணக்குத் தீர்ந்ததா என்ற கேள்வியை நடுவரே (ஒப்பந்தப்படி நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்ப்பவர்) விசாரிக்க வேண்டும். நடுவரை நியமிக்கும் கட்டத்தில் நீதிமன்றம் அதற்குள் நுழையக் கூடாது. கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே போய்க் காட்டுவதற்குச் சான்று வேண்டும். ஆகவே கையெழுத்திட்டே தீர வேண்டிய நிலை வந்தால், 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதுங்கள். அப்படி எழுதவிடாவிட்டால், அன்றைக்கே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் போகட்டும்: எவ்வளவு கேட்டோம், எவ்வளவு தந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், எந்தக் கடன் தவணை நெருக்கியது என்ற விவரங்களோடு.

நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் அறிக்கையை வேதவாக்காக எடுத்துக்கொள்வது அடுத்த சறுக்கல். அது முக்கியமான சான்றுதான், ஆனால் கடைசி வார்த்தை அல்ல என்று 2009இல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, இருப்புப் பதிவேடு, ஜிஎஸ்டி கணக்கு, கொள்முதல் பில் ஆகியவற்றை வைத்து வரிவரியாக மறுத்து எழுத வேண்டும். 'நஷ்டம் அதிகம்' என்ற புலம்பலுக்கு மதிப்பில்லை.

நிராகரிப்பையும் தொலைபேசியில் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில், தாமதமாகத் தகவல் சொன்னதை நிராகரிப்புக் கடிதத்தில் காரணமாகக் காட்டாத நிறுவனம், பின்னர் வழக்கில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. கடிதம் உங்கள் கையில் இல்லாவிட்டால் அந்தக் கேடயமும் இல்லை.

எந்த வாசலுக்குப் போவது? வணிக நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்று இன்னும் சில வக்கீல்களே சொல்கிறார்கள். 2002 குஜராத் கலவரத்தில் எரிந்த ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023இல் வந்த தீர்ப்பு வேறு: காப்பீடு எடுப்பது நஷ்டத்தை ஈடுகட்டத்தானே தவிர லாபம் பார்க்க அல்ல, எனவே நிறுவனமும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே ஒரு பொறி இருக்கிறது. எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கேட்கும் தொகை அல்ல, நீங்கள் கட்டிய பிரீமியம். 50 லட்சம் வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம்தான். கோடிக்கணக்கில் கேட்கிறோமே என்று நேராக டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்கு ஓடினால் மனு திரும்பிவரும். இந்த ஏற்பாட்டை எதிர்த்த வழக்கும் 2025 ஏப்ரலில் தள்ளுபடியாகிவிட்டது.

வணிக நீதிமன்றம்தான் வேண்டும் என்றால் வழக்குக்கு முந்தைய சமரச முயற்சியைத் தாண்டிப் போக முடியாது. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில் இது கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்புச் சொன்னது. தவறினால் பிராதே நிராகரிக்கப்படும். வெறும் பணம் கேட்கும் காப்பீட்டு வழக்கில் அவசரம் என்று காட்ட ஏதுமிருக்காது. சும்மா ஒரு தடை மனுவைச் சேர்த்துத் தப்பிக்கப் பார்ப்பவர்களை நீதிபதிகள் எளிதில் அடையாளம் காண்கிறார்கள்.

காலக்கெடுவை நினைவூட்டல் கடிதங்கள் நீட்டிக்கும் என்பது ஆழமாக வேரோடிய நம்பிக்கை. நீட்டிக்காது. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு. 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருப்பவர், முதல் நிராகரிப்புக் கடிதத்தின் தேதியை எடுத்து நாட்காட்டியில் இன்றே குறித்துக்கொள்ளட்டும்.