புதுக் கொன்சோலை வந்த உடனே வாங்கலாமா? யாழ்ப்பாணத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

புது வீடியோ கேம் கொன்சோல் ஒன்றின் விலையும் திகதியும் வெளியான அன்றிரவே ஸ்காபரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் வட்ஸ்அப் கோல் போய்விடும். “மாமா, வரேக்க ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ.” மாமாவும் ஓம் என்றுவிடுவார். எந்த நாட்டு மொடல், எந்த நாட்டுக் கணக்கு, எந்த மாதம் வாங்குவது என்ற மூன்றையும் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பிஎஸ்4 (சொனியின் பிளேஸ்டேஷன் 4) காலத்தில் பெடியள் விட்ட பிழைகளையே 2020இல் பிஎஸ்5க்கும் விட்டார்கள், 2025இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2க்கும் விட்டார்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், பெட்டியை எறியாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். காசை உண்மையில் தின்பவற்றை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

“விலை இறங்கட்டும், பிறகு பார்ப்போம்”

இந்தக் கணக்கு ஒருகாலத்தில் சரியாகத்தான் இருந்தது. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டொலருக்கு வந்த நின்டெண்டோ 3டிஎஸ், ஐந்து மாதம் முடியுமுன்னரே ஓகஸ்ட் 12இல் 169.99 டொலருக்கு இறங்கியது. 2006இல் 499, 599 டொலர் என்று வந்த பிஎஸ்3, 2009இல் 299 டொலருக்குக் கிடைத்தது.

இப்போதைய தலைமுறை அப்படிப் போகவில்லை. 2020 நவம்பரில் 499.99 டொலருக்கு வந்த டிஸ்க் வைத்த பிஎஸ்5, அமெரிக்காவில் 2025 ஓகஸ்டில் 549.99 ஆனது. அதே 499.99இல் தொடங்கிய எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ், 2025 மே மாதம் 599.99, ஒக்டோபரில் 649.99. 2017இல் வந்த முதலாவது ஸ்விட்ச்கூட எட்டு வருடம் கழித்து விலை ஏறியது. இதற்கு மேல் எங்கள் ரூபா இருக்கிறது. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. கொம்பனி ஒரு சதமும் கூட்டாமலே 499 டொலர்ப் பெட்டி ஒரு லட்சத்திலிருந்து ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு ஏறியது. வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல்.

ஆகவே விலைக்காகப் பொறுக்க வேண்டாம். பழுதுகள் வெளியில் தெரியவருவதற்காகப் பொறுப்பதில்தான் அர்த்தம் இருக்கிறது. 2005 நவம்பரில் வந்த எக்ஸ்பொக்ஸ் 360இன் மூன்று சிவப்பு விளக்குப் பழுதுக்காக, மைக்ரோசொப்ட் 2007 ஜூலையில் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டி, 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது. அமெரிக்காவில் வாங்கியவர் பெட்டியைத் தபாலில் அனுப்பித் திருத்தி எடுத்தார். யாழ்ப்பாணத்தில் இருந்தவருக்கு அந்த வழி இல்லை. முதல் தொகுதியில் வரும் குறையைக் கொம்பனி பொறுப்பெடுத்தாலும் அந்தப் பொறுப்பு பலாலி வரை வராது. ஆறு மாதம் பொறுத்தால் எந்தப் பாகம் போகிறது என்பது தெரியும், உதிரிப் பாகமும் சந்தைக்கு வரத் தொடங்கும்.

நாட்டை முடிவு செய்யாமல் பெட்டியை எடுப்பது

மற்றத் தவறுகளை ஏதோ ஒரு வழியில் சரிக்கட்டலாம். இது வருடக்கணக்கில் காசு பிடுங்கும். இவ்வளவு காலம் சொல்லியும் இது நடப்பதைப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது, ஏனெனில் தவிர்க்க அரை மணித்தியாலம் போதும்.

கேம் வாங்க வேண்டிய பிளேஸ்டேஷன் நெட்வேர்க் கணக்கைத் திறக்கும்போது வரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. நின்டெண்டோ ஈஷொப், எக்ஸ்பொக்ஸ் ஸ்டோர் என்ற இணையக் கடைகளும் இலங்கைக்கென்று நடத்தப்படுவதில்லை. எனவே இங்கே கொன்சோல் வைத்திருக்கும் எவரும் வேறொரு நாட்டின் பெயரில்தான் கணக்குத் திறக்கவேண்டும். அந்தத் தெரிவைப் பெரும்பாலும் கடையில் நிற்கும் பெடியன் பத்து வினாடியில் செய்துவிடுகிறான், பட்டியலில் கண்ணுக்குப் பட்ட நாட்டைத் தட்டி.

பிளேஸ்டேஷனில் அப்படித் தட்டிய நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. வாங்கிய கேம், வென்ற டிராபி, சேர்த்த நண்பர்கள் எல்லாம் அந்தக் கணக்கோடே ஒட்டிக்கிடக்கும். மாற்றுவதென்றால் புதுக் கணக்குத் திறந்து முதலில் இருந்து தொடங்கவேண்டும்.

இனிப் பிரச்சினை எப்படி விரிகிறது என்று பாருங்கள். கணக்கு அமெரிக்கா. லண்டனில் இருக்கும் சித்தி ஒரு டிஸ்க் கொண்டுவருகிறா. டிஸ்க் ஓடும், ஏனெனில் பிஎஸ்4, பிஎஸ்5 கேம் டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. இரண்டு மாதம் கழித்து அந்தக் கேமின் மேலதிகப் பாகத்தை, அதாவது டிஎல்சியை, அமெரிக்க ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கினால் அது டிஸ்க்கோடு சேராது. டிஎல்சி எந்தப் பிராந்திய ஸ்டோரில் வாங்கப்பட்டதோ, டிஸ்க்கும் அந்தப் பிராந்தியத்ததாக இருக்கவேண்டும். கொடுத்த காசு அந்த டிஸ்க்குக்கு உதவாது.

டிஸ்க் எந்தப் பக்கத்தது என்று அறிய உறையின் முன்பக்கம், இடதுபக்கக் கீழ் மூலையைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைச் சின்னத்தில் ஈ, ரீ, எம் போன்ற ஆங்கில எழுத்து இருந்தால் அமெரிக்கா, கனடாப் பக்கம். நிறச் சதுரத்துக்குள் 3, 7, 12, 16, 18 என்று எண் இருந்து அடியில் பெகி என்றிருந்தால் ஐரோப்பாப் பக்கம். ஏ, பி, சி, டி, இசட் என்ற எழுத்தோடு செரோ என்றிருந்தால் ஜப்பான். சித்தியிடம் உறையின் படத்தை வட்ஸ்அப்பில் கேட்டாலே போதும்.

காசு ஏற்றுவதிலும் இதே கதை. கணக்கு நாட்டுக்குப் பொருந்தாத எங்கள் வங்கி அட்டைகளை அந்த ஸ்டோர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை, கிஃப்ட் கார்ட்தான் வழி. கிஃப்ட் கார்டும் கணக்கும் ஒரே நாடாக இருக்கவேண்டும். கனடாவில் வாங்கிய பிளேஸ்டேஷன் கார்ட் அமெரிக்கக் கணக்கில் ஏறாது. இரண்டும் டொலர்தானே என்று மாமா கேட்பார். அவை வேறு டொலர், வேறு ஸ்டோர்.

கடையில் கேம் “ஏற்றித் தரும்” வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். கடைக்காரர் தன் சொந்தக் கணக்கை உங்கள் பெட்டியில் திறந்து, அதில் வாங்கிய கேம்களை ஏற்றித் தருவார். அவற்றை உங்கள் கணக்கிலும் விளையாடவிடும் பகிர்வு அனுமதியை அவர் தன் கணக்கில் நிறுத்தும் நாளில் எல்லாக் கேமும் பூட்டிக்கொள்ளும். அதுவரை நீங்கள் கொடுத்தது வாடகைதான்.

சரியான ஒழுங்கு இது. முதலில், வரும் ஐந்து வருடத்துக்கு டிஸ்க்கும் கார்டும் எந்த நாட்டிலிருந்து அனுப்பப்படும் என்று வீட்டில் கதைத்து ஒரு நாட்டைத் தெரிவுசெய்யுங்கள். பெட்டி வருமுன்னரே, உங்கள் சொந்த மின்னஞ்சலில், அந்த நாட்டுக் கணக்கை போனிலோ கொம்பியூட்டரிலோ திறவுங்கள். அந்த நாட்டின் மிகச் சிறிய பெறுமதிக் கார்ட் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். அது ஏறினால் மட்டும் கொன்சோல் வாங்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாறிப்போனவர்களுக்கும் ஒரு வழி உண்டு. டிஸ்க்கின் பிராந்தியத்தில் இரண்டாவது கணக்கொன்றைத் திறந்து அதில் டிஎல்சியை வாங்கி, அந்தக் கணக்கில் கொன்சோல் பகிர்வை இயக்கிவிட்டு, உங்கள் வழமையான கணக்கிலேயே விளையாடலாம். வேலை செய்யும், ஆனால் இரண்டு கணக்கையும் காலம் முழுக்கக் காவவேண்டும்.

நின்டெண்டோவில் கணக்கின் நாட்டை இணையப் பக்கத்தில் மாற்றலாம், ஈஷொப் மீதி பூச்சியமாக இருக்கவேண்டும். எக்ஸ்பொக்ஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விடும், மீதிக் காசு புது நாட்டுக்கு வராது. ஆனால் நின்டெண்டோவில் வேறொரு பொறி இருக்கிறது. ஸ்விட்ச் 2 ஜப்பானில் இரண்டு வகையாக வந்தது. 2025இல் வந்தபோது பல மொழி மொடல் 69,980 யென். கடைகளில் சாதாரணமாகக் கிடைத்தது 49,980 யென். இருபதாயிரம் யென் மலிவு என்று ஜப்பானில் படிக்கும் ஒன்றுவிட்ட அண்ணரிடம் அதைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த மலிவு மொடலின் பெயரிலேயே ஜப்பானிய மொழி, உள்நாட்டுக்கு மட்டும் என்று ஜப்பானிய எழுத்தில் சேர்த்திருக்கிறார்கள். மெனு ஜப்பானியத்தில் மட்டுமே வரும். நாடு ஜப்பான் என்று இருக்கும் நின்டெண்டோ கணக்கை மட்டுமே இணைக்கலாம். வாங்கியபின் மாற்ற அமைப்புகளில் ஒன்றும் இல்லை. எழுத்து வாசிக்கத் தெரியாதவர் அந்தப் பெட்டியை மலிவுக்காகத் தொடக்கூடாது.

வாரண்டி ஸ்காபரோவில் கரைவது

கொன்சோல்கள் பெரும்பாலும் நவம்பரில் வருகின்றன. உறவுகள் வருவது நல்லூர்க் கொடியேற்றத்துக்கு. நவம்பரில் வரிசையில் நின்று வாங்கிய பெட்டி ஓகஸ்ட் வரை உடைக்காமல் கனடாவில் அலுமாரிக்குள் கிடந்தால், ஒரு வருட வாரண்டியில் ஒன்பது மாதம் போயிருக்கும். அதற்குள் பழுது இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. மிச்ச மூன்று மாதமும் வாங்கிய நாட்டில்தான் செல்லும்.

ஒன்றில் பயணத்துக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னர் வாங்கச் சொல்லுங்கள், அல்லது வாங்கிய கிழமையே அங்கே திறந்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தொடர்ச்சியாக இரண்டு மணித்தியாலம் ஒரு கனமான கேம், டிஸ்க் ஒன்றைப் போட்டு எடுப்பது, கொன்ட்ரோலரின் இரண்டு ஸ்டிக்கும், வைஃபை, எச்டிஎம்ஐ. சிஸ்டம் அப்டேட்டையும் அங்கேயே முடித்துவிட்டால் இங்கே டேட்டா மிச்சம். பொதி செய்யும்போது எல்லா வயரையும் கழற்றவேண்டும். செருகியபடி வந்த எச்டிஎம்ஐ வயர், சூட்கேஸ் விழும்போது போர்ட்டை நெம்பிவிடும். முதல் பிஎஸ்5 4.5 கிலோ, மெலிந்த மொடல் 3.2 கிலோ. கையில் கொண்டு ஏறும் பையில் வரட்டும்.

வோல்ட்டேஜ்

எங்கள் கரண்ட் 230 வோல்ட். பெட்டியின் அடியிலோ அடப்டரிலோ 100–240 என்று இருந்தால் வயரை மட்டும் மாற்றினால் போதும். பிஎஸ்5க்கும் சீரிஸ் எக்ஸுக்கும் எட்டு வடிவத் துளையுள்ள சாதாரண வயர்தான், 13 அம்பியர் பிளக்கோடு வாங்குங்கள். 100 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் நேரே செருகாதீர்கள். நின்டெண்டோவின் பழைய வீ கொன்சோலுக்கான அமெரிக்க அடப்டர்கள் அப்படிப்பட்டவை.

முதல் நாளில் எதை விளையாடப் போகிறீர்கள்?

இதற்கு ஒரு கேமின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் இப்போது வாங்கவேண்டாம். பிஎஸ்5க்காக அவசரப்பட்டவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள்: ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலஸ், 2022இல் வந்த ஹொரைசன் ஃபொர்பிடன் வெஸ்ட், கிரான் டுரிஸ்மோ 7, கோட் ஒஃப் வோர் ரக்னரொக். அத்தனையும் பிஎஸ்4இலும் வந்தன. வீட்டில் பிஎஸ்4 இருந்தவருக்கு இரண்டு வருடம் பொறுத்ததில் பெரிய இழப்பு இல்லை. ஸ்விட்ச் 2க்கு நிலைமை வேறு, மாரியோ கார்ட் வேர்ல்ட் முதல் நாளே வந்தது, வேறெதிலும் ஓடாது. அது வேண்டுமென்றால் வாங்குவதில் நியாயம் உண்டு.

டிஸ்க் இருந்தால் இணையம் வேண்டாம் என்ற நம்பிக்கை

முதல் பிஎஸ்5இல் 825 ஜிபி என்று எழுதியிருந்தாலும் பாவிக்கக் கிடைப்பது 667 அளவு. எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் 512இல் 364. ஒரு பெரிய கேம் 100 ஜிபி. 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அது 11 மணித்தியாலம், அதுவும் வேகம் குறையாமல் ஓடினால். ஃபைபர் இல்லாமல் 4ஜி ரவுட்டரில் மாத அளவோடு இருப்பவர் ஒரு கேமிலேயே பெக்கேஜை முடித்துவிடுவார். டிஸ்க் வாங்கினாலும் முதல் நாள் அப்டேட் பல ஜிபி வரும். ஸ்விட்ச் 2இல் சில கேம்கள் கேம் கீ கார்டாக வருகின்றன. அந்தக் கார்ட்டுக்குள் கேம் இல்லை, திறப்பு மட்டும்தான், முழுவதையும் இறக்கவேண்டும். உறையின் முன்பக்க அடியில் அதைச் சொல்லியிருப்பார்கள்.

பழைய மைக்ரோ எஸ்டி

பழைய மைக்ரோ எஸ்டி கார்டில் ஸ்விட்ச் 2 கேம் வைக்க முடியாது. மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகைக் கார்ட் மட்டும்தான் சரிவரும்.

இரட்டை விலைக்கு முதல் மாதத்திலேயே எடுப்பது

வேண்டாம்.

மழையும் கரண்டும்

ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை இடி முழக்கத்தோடு மழை வரும்போது முற்றாக நிறுத்தாமல் ரெஸ்ட் மோட்டில் விட்டுவிட்டுப் படுக்காதீர்கள். பிளக்கையும் லான் வயரையும் கழற்றுங்கள். 650 விஏ யுபிஎஸ் ஒன்று, ரிவியோடு சேர்த்தால், சேவ் செய்து நிறுத்தச் சில நிமிடம் தரும். பிஎஸ்5 கேம் ஓடும்போது 200 வோட் அளவு இழுக்கும், எனவே கரண்ட் நின்ற பிறகும் விளையாடலாம் என்று எதிர்பார்க்கக்கூடாது.

அப்டேட் நடுவில் கரண்ட் நின்று பிஎஸ்5 சரியாகத் தொடங்காவிட்டால், முற்றாக நிறுத்திவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும் வரை, ஏழு வினாடியளவு, அழுத்திப் பிடியுங்கள். கொன்ட்ரோலரை வயரில் இணைத்து, வரும் பட்டியலில் ரீபில்ட் டேட்டாபேஸைத் தெரிவுசெய்யுங்கள். சேவ் அழியாது. அதற்குக் கீழே உள்ள ரீசெட் தெரிவுகளைத் தொடவேண்டாம்.

வலிகாமத்துச் செம்மண் தூசி பிஎஸ்5க்குள் வேகமாகச் சேரும். பக்கத் தட்டைக் கழற்றினால் தூசி பிடிக்கவென்றே வைத்த இரண்டு துளைகள் தெரியும், வக்யூமால் மெதுவாக இழுங்கள். அதற்கு மேல் திறக்கத் தேவையில்லை. உள்ளே சிப்புக்கு மேல் சூட்டைக் கடத்தும் சாதாரண பேஸ்ட் இல்லை, திரவ உலோகம் இருக்கிறது. போன் திருத்தும் கடையில் அதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பேஸ்ட் பூசினால் சூடு சரியாக இறங்காது. துடைக்கும்போது ஒரு துளி போர்டில் சிந்தினால் ஷோர்ட் ஆகிவிடும். திருத்தக் கொடுக்குமுன் அவர் இதற்கு முன் பிஎஸ்5 திறந்திருக்கிறாரா, திரவ உலோகம் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள்.